மீனாட்சிபுரம், நாலு இருபது

கர்னலுக்குக் கறவை நேரம் தெரியாது.

வியாழன் பின்னிரவில் வரும்.
திருவோணத்தன்று வரும்.
வேலந்தாவளம் சந்தையில் நான்
புண்ணாக்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போது
ஆறு புள்ளி ஒன்று புள்ளி தொண்ணூற்று நாலு என்று
பெயர் சொல்லிக்கொண்டு வரும்.
பதினேழு பால் சங்கத்து லினக்ஸ் பெட்டிகளில்
சத்தமில்லாமல் குடியேறிவிடும்.

மறுநாள் நாலு மணிக்கு
கேன் மூடிகள் உரசும் ஓசைக்கு நடுவே
என் போன் அடிக்கும்.
"ஜெசிந்தாளுங்களா? மெசினு பேசமாட்டேங்குதுங்."

எப்படிப் பேசும்?
கொழுப்பு அளக்கும் கருவிக்கும் கணினிக்கும் நடுவே
ஒரே ஒரு மாட்யூல்.
ஆயிரத்து நூறு வரி.
எழுதிய கம்பெனி பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனபின்
என் தலையில் விழுந்தது.
கர்னலோடு பிறந்ததல்ல,
வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.
எந்தக் கர்னலுக்கென்று கட்டினோமோ
அதன் எண் நெற்றியில் இருக்க வேண்டும்.
ஓர் இலக்கம் பிசகினால் உள்ளே விடாது.

எனக்கு இது புதிதல்ல.
கோபாலபுரம் செக்போஸ்டில், என் பத்து வயதில்,
பர்மிட்டின் கடைசி இலக்கம் ஏழா ஒன்றா என்று
டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்தார்கள்.
நான் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தேன்.
அதே லாரி. அதே வைக்கோல்.
முந்தின நாள் வரை செல்லுபடியான தாள்.

மூன்று வருடம் கையால் கட்டினேன்.
போர்வைக்குள் மடிக்கணினி.
புது ஹெடர்களை இறக்கி, மேக் அடித்து,
பேக்கேஜாக மூட்டை கட்டி, கையொப்பமிட்டு,
ஒவ்வொரு சங்கமாக ஏற்றி.
ஒருநாள் தூக்கக் கலக்கத்தில்
எருத்தேம்பதிக்கு உரியது வடகரப்பதிக்குப் போய்விட்டது.
இரண்டு ஊரிலும் மெஷின் ஊமை.
வெயில் ஏறியது.
நூற்று நாற்பது லிட்டர்.
யாரும் என்னைத் திட்டவில்லை,
கேன்களை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு
சைக்கிளை எடுத்தார்கள்.

அந்த வாரமே எழுத உட்கார்ந்தேன்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்,
புதுக் கர்னல் வந்திருக்கிறதா என்று.
வந்திருந்தால் காலி அறை ஒன்று எழுப்பு,
என் கணினியில் சிதறிக் கிடக்கும் பழைய சாமான்
எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது.
அங்கே வைத்துக் கட்டு.
கட்டியதைப் பொய்க் கருவி ஒன்றில் மாட்டி
ஒரு சொட்டுப் பாலாவது அளக்கச் சொல்.
அளந்தால் கையொப்பமிடு,
கர்னலும் மாட்யூலும் ஒரே வண்டியில் போகட்டும்.
அளக்காவிட்டால்
கர்னலையே வாசலில் நிறுத்து.

"அப்ப நீ என்ன பண்ணுவே?"
என்றான் ஸ்தனிஸ்லாஸ்.
தூங்குவேன் என்றேன்.

ஆறாவது வாரம் கட்டுமானம் உடைந்தது.
எங்கோ யாரோ ஒரு செயற்கூறிலிருந்து
ஒரு உள்ளீட்டை எடுத்துவிட்டிருந்தார்கள்.
இருபத்து மூன்று வரி சிவப்பு.
விடிந்து, இட்லி தின்று, கை கழுவி,
பத்து மணிக்குத்தான் பார்த்தேன்.
அதற்குள் பதினேழு ஊரிலும் பழைய கர்னலிலேயே
பால் அளந்து, சீட்டு கிழித்து,
டேங்கரும் சித்தூர் தாண்டியிருந்தது.
ஒரு வரி மாற்றினேன்.
இத்தனை சாவகாசமாக ஒரு பிழையை
அதுவரை நான் படித்ததில்லை.

ஆனாலும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
படுத்தபடி போனைப் பார்க்கிறேன்.
சும்மா கிடக்கிறது.
சில நாள் எழுந்து லாகைப் படிக்கிறேன்.
கட்டியது, கட்டியது, கட்டியது.
ஊரே கறந்துகொண்டிருக்கும்போது
வேலையில்லாமல் கிடப்பது
கூச்சமாக இருக்கிறது.

நேற்று நாலு இருபதுக்கு அடித்தது.
மீனாட்சிபுரம். ரங்கநாயகி அக்கா.
பதறி எழுந்தேன்.
"மெசினு நல்லாத்தான் பேசுதுங்.
எம்பட பாலுக்குத்தான்
மூணு புள்ளி ரெண்டுங்குது.
நேத்து நாலு காட்டுச்சுங்."

லாகைத் திறந்தேன்.
இரவு ஒன்று பத்துக்குக் கட்டியது.
எண் சரி. கையொப்பம் சரி.
பக்கத்து வீட்டுப் பாலுக்கு நாலு புள்ளி ஒன்று.

கர்னல் மேலே தப்பில்லை அக்கா, என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
பின்னால் கிணற்று மோட்டார்
ஓடிக்கொண்டிருந்தது.